நாலாவது அறை

வூச் நகரத்தில் ஞாயிறு தோறும்
ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடம் சந்தையாகும்.
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே என் மேசை:
பிராசஸர், ராம், விசிறி, வெப்பப் பசை,
யாரும் விலை கேட்காத மோடம் நாலு.

முதலில் பென்சில் இருந்தது.
மலிவுச் சில்லின் முதுகில்
லேசர் அறுத்த பாலங்கள் அப்போது வெளியே தெரியும்,
எறும்பின் மீசையளவு இடைவெளி.
மெதுவான பென்சிலைக் கூராகச் சீவி
மூச்சைப் பிடித்து ஒரு கோடு இழுத்தால் போதும்,
எழுநூறில் ஓடியது எண்ணூற்றைம்பதில் ஓடும்.
பையன்களிடம் அதற்குக் காசு வாங்கியதில்லை.
பென்சில் அவர்களுடையது.

கம்பெனி சும்மா இருக்குமா,
பூட்டைத் தூக்கி உள்ளே வைத்தது.
நாலறை கட்டி ஒன்றைச் சாத்தி
மூன்றறை வீடென்று விற்றது.
சில வீடுகளில் அந்த அறையின் கூரை நிஜமாகவே இடிந்திருக்கும்.
சிலவற்றில் ஒரு குறையும் இருக்காது;
மலிவு வீட்டுக்கு ஆள் அதிகம் வந்ததால்
நல்ல கதவையும் அடித்துச் சாத்தியிருப்பார்கள்.
எது எதுவென்று பெட்டியில் எழுதியிருக்காது.

போக்னா வந்தது பிப்ரவரியில்,
பூட்ஸில் சேறாகிவிட்ட பனியோடு.
லேஸ் திரை நெய்யும் ஆலையில் வேலை.
ஒரு ரோஜாக் கொடிக்கு அறுபதாயிரம் தையல்,
அதைக் கணக்கிட அவள் கம்ப்யூட்டர்
இரண்டு தேநீர் நேரம் எடுத்துக்கொள்கிறதாம்.
"இதில் நாலாவது செத்துவிட்டதா, தூங்குகிறதா?"
எழுப்பிப் பார்த்தால்தான் தெரியும் என்றேன்.
"எழுப்ப எவ்வளவு?"
எழுந்தால் இருபது ஸ்வாட்டி. எழாவிட்டால் ஒன்றுமில்லை.

நீலத் திரை, அம்புக்குறி, ஒரே ஒரு வரி.
மூன்று என்றிருந்த இடத்தில் நாலு.
அவள் கையுறையைக் கழற்றி
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.
சோதனை ஓடிக்கொண்டிருந்தபோது,
என்னிடமா விசிறியிடமா தெரியாது, சொன்னாள்:
சம்பளப் பட்டியலில் நான் உதவியாளர்.
வரைவது நான். கையெழுத்து வேறொருவர்.

நாலாவது அறையில் விளக்கு எரிந்தது,
ஆள் நடமாட்டம் இருந்தது,
கணக்கு மட்டும் எங்கோ சறுக்கியது.
இருநூறு முறை சரியாய்க் கூட்டி
இருநூற்றொன்றாவதில் ஒன்று கூடுதல்.
கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை.
மூடிவிடட்டுமா என்றேன்.
"உயிர் இருக்கிறதல்லவா?"
இருக்கிறது.
"எண்ணும்போது கவனம் சிதறுகிறது, அவ்வளவுதானே?"
இருபதை எண்ணி வைத்துவிட்டுத்
திறந்தபடியே தூக்கிக்கொண்டு போனாள்.

மறு வருஷம் அட்டை வந்தது.
பளபளப்பு உறை, உள்ளே சுரண்டிப் பார்க்கும் பட்டை,
நாணயத்தால் சுரண்டினால் எண், எண்ணைத் தட்டினால்
ஏற்கனவே நீ வாங்கிவிட்ட சில்லுக்குள்
உனக்குத் தராமல் வைத்திருந்தது திறக்கும்.
பதினொரு அட்டை எடுத்தேன், இரண்டு போயின.
"சொந்த வீட்டுச் சமையலறைக்குச்
சாவி வாடகையா?" என்று சிரித்தார்
கேபிள் விற்கும் வீன்சென்ட்டி.
எனக்கும் சிரிப்புதான். ஆனால்
அட்டையால் திறந்தது ஒருநாளும் தப்பாய்க் கூட்டவில்லை.
அதை வீன்சென்ட்டியிடம் சொல்லவில்லை.

மீதி ஒன்பதும் டப்பாவில் கிடக்கின்றன,
மோடங்களுக்குப் பக்கத்தில்.

ஏப்ரல் கடைசியில் போக்னா மறுபடி வந்தாள்.
வாங்க ஒன்றுமில்லையாம்.
கைக்குட்டை அகலத்தில் ஒரு லேஸ் துண்டை
மேசைமேல் போட்டாள், ரோஜாக் கொடி.
"இதில் ஒரு தையல் அது போட்டது.
ஆலையில் யாருக்கும் தெரியவில்லை.
கையெழுத்துப் போட்டவருக்கும்."
எந்த இடம் என்றேன்.
சொல்லவில்லை.

கூட்டம் இல்லாத ஞாயிறுகளில்
வளையத்துக்குக் கீழே விளக்கு பிடித்து,
பாலம் பார்க்க வைத்திருந்த பழைய பூதக்கண்ணாடியால்
இதழ் இதழாய்த் தேடுகிறேன்.
எல்லாம் ரோஜாவாகவே இருக்கிறது.